மெஷ், மூன்றடுக்கு, கோர்-டெக்ஸ்: லடாக் பயணத்துக்கு எந்த ஜாக்கெட்?

ஜூன் தொடக்கத்தில் சென்னையிலிருந்து லேவுக்கு மோட்டார் சைக்கிளில் புறப்படுபவர், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாக்பூரைக் கடக்கையில் 40 டிகிரியைத் தாண்டிய வெயிலையும், மணாலிக்கு அப்பால் பாரலாச்சா கணவாயில் உறைநிலையை ஒட்டிய குளிரையும் ஒரே ஜாக்கெட்டோடு எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. இதற்கெனக் கடைகளில் மூன்று வகைகள் கிடைக்கின்றன: காற்று புகும் வலைத்துணியாலான மெஷ் ஜாக்கெட், மழைக்கும் குளிருக்கும் தனித்தனியே கழற்றி மாட்டும் லைனர்கள் (உள்ளடுக்குகள்) கொண்ட மூன்றடுக்கு ஜாக்கெட், நீர்புகாச் சவ்வை வெளித்துணியோடே ஒட்டிய கோர்-டெக்ஸ் லேமினேட் ஜாக்கெட்.

எந்த வகையானாலும் முதலில் பார்க்க வேண்டியது சான்றிதழ்ச் சீட்டு. 2020-இல் வந்த ஈ.என். 17092 என்னும் ஐரோப்பியத் தரநிலை, ஜாக்கெட் முழுவதையும் சோதித்து ஏஏஏ, ஏஏ, ஏ உள்ளிட்ட வகுப்புகளாகப் பிரிக்கிறது. தோள், முழங்கை போன்று முதலில் தரையில் உராயும் பகுதிகளின் துணி, ஏஏஏ வகுப்புக்கு மணிக்கு 120 கிலோமீட்டருக்கும், ஏஏ வகுப்புக்கு 70 கிலோமீட்டருக்கும், ஏ வகுப்புக்கு 45 கிலோமீட்டருக்கும் ஈடான உராய்வைச் சோதனைக் கருவியில் தாங்கியாக வேண்டும். அடியின் விசையைத் தாங்க உள்ளே வைக்கும் ஆர்மர் என்னும் காப்புத் தட்டுக்கு உரியது ஈ.என். 1621 என்னும் வேறு தரநிலை. நம் ஊரில், ஐரோப்பியச் சான்றைக் குறிக்கும் சி.இ. என்ற எழுத்துகளோடு "சி.இ. ஆர்மர்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கப்படும் பல ஜாக்கெட்டுகளில் ஆர்மருக்கு மட்டுமே சான்று இருக்கும், துணிக்கோ தையலுக்கோ எந்தச் சான்றும் இருக்காது. தையல் பிரிந்தால் ஆர்மர் இருந்த இடத்தில் நிற்காது என்பதால், இந்த வேறுபாட்டை விற்பனையாளரிடம் தயங்காமல் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

முதுகைப் பொறுத்தவரை இன்னும் கவனம் தேவை. ஏஏஏ வகுப்பு ஜாக்கெட்டுக்குக்கூட முதுகு ஆர்மர் கட்டாயமில்லை; பலவற்றின் முதுகுப் பையில் வெறும் நுரைத்தட்டுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டு இரண்டாம் நிலை ஆர்மரை வாங்கி வைப்பது நல்லது. முதுகு ஆர்மரில் முதல் நிலை சராசரியாக 18 கிலோநியூட்டன் வரை அடியின் விசையை உடலுக்குக் கடத்தலாம்; இரண்டாம் நிலைக்கு வரம்பு 9 கிலோநியூட்டன்தான்.

இனி வகைகளுக்கு வருவோம். விலையில் உச்சத்தில் இருப்பது லேமினேட். மழையில் இதற்கு இணை இல்லை: வெளித்துணி நீரை உறிஞ்சிக் கனப்பதில்லை, நடுவழியில் நின்று எதையும் மாட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சவ்வு வியர்வை ஆவியை வெளியே தள்ளுவதற்கு, உள்ளே ஆவியின் அழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருக்க வேண்டும். சென்னை, நெல்லூர், விஜயவாடா எனப் புழுக்கம் நிறைந்த கடற்கரைச் சமவெளியில் அந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஜிப்களைத் திறந்தாலும் திறந்த இடத்தில் மட்டுமே காற்று வருகிறது. மழை மிகுந்த குளிர்நாடுகளில் இது மிகச் சிறந்த தேர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்னிருக்கையில் கட்டத் தூண்டுவதே இதன் பெருங்குறை.

மூன்றடுக்கு ஜாக்கெட் எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது என்று சொல்லி விற்கப்படுகிறது. மழை லைனர் உள்ளே இருப்பதால், அதை மாட்ட மழையிலேயே ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும். மாட்டிய பிறகும் வெளித்துணி நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரத்துணி மீது வீசும் காற்று உடல்வெப்பத்தை இழுத்துச் செல்லும். மணாலிப் பக்கத்து மழையில் நனைந்த ஜாக்கெட்டோடு அடல் சுரங்கத்தின் வழியே மலைக்கு அப்பாலுள்ள லாஹூல் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து மேலே ஏறுபவருக்கு இது வெறும் அசௌகரியம் அன்று, ஆபத்து. அதே நேரத்தில், மழை மறைவுப் பகுதியான லடாக்கின் வறண்ட குளிரில் இந்த லைனர்கள் காற்றை நன்றாகவே தடுக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

மெஷ் ஜாக்கெட்டோடு, அதன்மேல் அணியும் அளவில் தளர்வான மழைக்கோட்டும் உள்ளே அணிய மெல்லிய ஃபிளீஸ் சட்டையும் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. மழைக்கோட்டை ஒரு நிமிடத்தில் ஜாக்கெட்டின் மேலேயே போட்டுக்கொள்ளலாம், ஜாக்கெட் நனைவதில்லை, கணவாய்களில் அதுவே காற்றுத் தடுப்பாகவும் ஆகிறது. நின்றபடி ஓட்ட வேண்டிய கற்பாதைகளில் வேகம் குறைந்து உடல் கொதிக்கும்போதும் மெஷ்தான் துணை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தை மிஞ்சும் நாட்களில் மெஷ் வழியே வருவது அனற்காற்று; வியர்வை உடனுக்குடன் உலர்வதால் உடல் நீரிழப்பது தெரிவதில்லை. உள்சட்டையை நனைத்துக்கொண்டு, தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடித்து ஓட்ட வேண்டும்.

மெஷ்ஷின் உண்மையான பலவீனம் உராய்வு. இந்தப் பயணத்தின் 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் பெரும்பகுதி வேகமான நெடுஞ்சாலை என்பதால், தோளிலும் முழங்கையிலும் மெஷ் அல்லாத கனத்த துணி வைத்துத் தைத்து, ஏஏ சான்று பெற்றதையே தேட வேண்டும். அது கிடைக்காமல் சான்றே இல்லாத மெஷ்தான் கையில் கிடைக்கிறது என்றால், நான் ஏஏ சான்றுள்ள மூன்றடுக்கு ஜாக்கெட்டை வாங்கி, அதன் மழை லைனரை வீட்டில் வைத்துவிட்டு, மேலே மழைக்கோட்டு அணிவதையே தேர்வேன்.

ஆர்மர் தைத்த உள்சட்டையின்மேல் ஜெர்சி அணிவது காட்டுப்பாதைக்கு மட்டும் போதும். அடியைத் தாங்குமே தவிரத் தாரில் சறுக்கினால் அந்த ஜெர்சி நிற்காது.

அளவைக் கடையில் நின்று மட்டும் பார்க்கக் கூடாது. ஃபிளீஸை அணிந்து, வண்டியில் உட்கார்ந்து ஹேண்டில்பாரைப் பிடித்த நிலையில் முழங்கை ஆர்மர் முழங்கையின் மீதே இருக்கிறதா என்றும், ஃபிளீஸைக் கழற்றிவிட்டுக் கைப்பட்டைகளை இறுக்கியபின் அந்த ஆர்மரைக் கையால் திருகினால் நகர்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நகர்ந்தால் ஓர் அளவு குறைத்தோ வேறு நிறுவனத்தின் வெட்டிலோ தேட வேண்டும்.