தனி டிஎஸ்பி டப்பாவா, ஐஎஃப் டிஎஸ்பி செட்டா?

பாளையங்கோட்டைப் பக்கம் புதுசா ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்த தம்பிமாரு கேக்குறது இதுதான், பழைய ரேடியோ செட்டோட ஸ்பீக்கர் லைன்ல டிஎஸ்பி டப்பா (சிக்னலை டிஜிட்டலா மாத்தி இரைச்சலை வடிகட்டுற கருவி) மாட்டுனா போதுமா அண்ணாச்சி, இல்ல ஐஎஃப்லயே (ஸ்பீக்கருக்கு முன்னாடி, செட்டுக்குள்ள வர்ற இடைநிலை அலைவரிசையிலயே) டிஎஸ்பி உள்ள செட் வாங்கணுமான்னு. டப்பா செலவு கம்மி, எந்த செட்லயும் மாட்டலாம், 7 மெகாஹெர்ட்ஸ்ல யாராவது ட்யூன் பண்ற விசிலை அதுல உள்ள ஆட்டோ நாட்ச் (விசிலைத் தானா தேடி வெட்டுற ஃபில்டர்) சட்டுனு அமுக்கிரும். ஆனா அந்த விசில் பலமா இருந்தா செட்டோட ஏஜிசி (சிக்னல் பலத்துக்குத் தக்க பெருக்கத்தை, அதாவது கெயினை, தானா கூட்டிக் கொறைக்குற பகுதி) முன்னாடியே கெயினைக் கொறச்சிருதுல்லா, நமக்கு வேண்டிய மெல்லிசு குரலும் சேந்து அமுங்கிரும், டப்பா விசிலை எடுக்கும், போன குரலைக் கொண்டாராது. ஐஎஃப் டிஎஸ்பில ஃபில்டர் ஏஜிசி லூப்புக்குள்ளயே இருக்கதால இந்தத் தொல்லை ரொம்ப கம்மி, குரலுக்கு 2.4 கிலோஹெர்ட்ஸ், மோர்ஸுக்கு 500 ஹெர்ட்ஸ்னு அகலத்தையும் மாத்திக்கிடலாம். காசு இருந்தா ஐஎஃப்தான் எடுக்கச் சொல்லுவேன். எதுலயும் நாய்ஸ் ரிடக்‌ஷனை முழுசா ஏத்தாதீங்க, பேச்சு தெளிவில்லாம போயிரும்.