மரபியல் செயல்வழிப் பெட்டி: மணிகள் அருமை, அட்டைகள் ஆபத்து

பத்தாம் வகுப்பு மரபியல் பாடத்துக்காக 850 ரூபாய் கொடுத்து இணையத்தில் வாங்கிய இந்தப் பெட்டியை, இரண்டு வாரம் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். உள்ளே இரண்டு துணிப்பைகளும், மஞ்சளும் பச்சையுமாக மணிகளும், பெற்றோரின் மரபணுக்கள் பிள்ளைகளிடம் எப்படியெல்லாம் சேரலாம் என்று காட்டும் புன்னெட் கட்டம் அச்சிட்ட பலகையும், மனிதப் பண்புகளைச் சொல்லும் அட்டைகளும் இருக்கின்றன.

மணிகளைப் பற்றி எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஒவ்வொரு பையும் ஒரு கலப்பினப் பட்டாணிச் செடி. அதில் இரு நிற மணிகளும் சம அளவில் கிடக்கும். கண்ணை மூடிக்கொண்டு பைக்கு ஒன்றாக எடுக்கும் இரண்டு மணிகளில் ஒன்று மஞ்சளாக இருந்தாலே விதை மஞ்சள், இரண்டும் பச்சையானால்தான் பச்சை என்பது, ஓங்கு பண்பையும் ஒடுங்கு பண்பையும் விரல்களுக்கே புரியவைத்துவிடுகிறது. 20 முறை எடுத்த ஒரு குழுவுக்கு 12க்கு 8 என்றும், இன்னொன்றுக்கு 17க்கு 3 என்றும் வந்தபோது, தாங்கள் தவறு செய்துவிட்டதாகவே பிள்ளைகள் நினைத்தார்கள். எட்டுக் குழுக்களின் கணக்கையும் கரும்பலகையில் கூட்டியபோது 118 மஞ்சள், 42 பச்சை என்று 3:1க்கு அருகில் வந்து நின்றது. பட்டாணிச் செடிகளை வைத்து மரபு விதிகளைக் கண்டறிந்த மெண்டல் 6022 மஞ்சள் விதைகளையும் 2001 பச்சை விதைகளையும் ஏன் எண்ணினார் என்பதை அதன்பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அட்டைகள்தான் வருத்தம் தருகின்றன. நாக்கைச் சுருட்டுவது ஒரே மரபணுவின் ஓங்கு பண்பு என்று ஓர் அட்டை அடித்துச் சொல்கிறது. 1940இல் மரபியலாளர் ஸ்டர்டிவன்ட் அப்படிக் கருதியது உண்மை. ஆனால் ஒரே கருவில் உருவான இரட்டையரிலேயே ஒருவரால் முடிந்து மற்றவரால் முடியாமல் போவது 1952இலேயே தெரியவந்து, பின்னர் அவரும் தம் கருத்தைக் கைவிட்டார். அட்டையை நம்பி வீட்டில் சோதித்துப் பார்த்த ஒரு மாணவன், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து, "எங்க அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் வரல, எனக்கு மட்டும் வருது டீச்சர், அது எப்படி?" என்று கேட்டான். அட்டை சொல்வது சரியென்றால், நாக்கைச் சுருட்ட வராத பெற்றோருக்கு அது வரும் பிள்ளை பிறக்க முடியாது. அந்தக் கேள்விக்குள் வேறொரு கேள்வி இருந்ததை அவன் முகமே சொன்னது. அவனை உட்காரவைத்து, பிழை அட்டையில்தான் இருக்கிறது என்று விளக்க அரை மணி நேரம் ஆனது.

காதுமடல் ஒட்டியிருக்கிறதா, தனியே தொங்குகிறதா என்பதைப் பற்றிய அட்டையிலும் இதே பிழைதான். கொடுத்த பணத்துக்கு மணிகளும் பலகையும் ஈடாகும். வாங்குபவர்கள் அட்டைக்கட்டைப் பிள்ளைகளின் கைக்குப் போகுமுன்பே எடுத்துவிடுங்கள்.