ஹார்மண்ட்ஸ்வொர்த் பெரிய களஞ்சியம்: தச்சுவேலை பிடித்தவர்கள் கட்டாயம் போங்கள்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தை ஒட்டி, அதன் வடக்கே ஹார்மண்ட்ஸ்வொர்த் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1426-இல் கட்டிய மரக் களஞ்சியம் ஒன்று இன்னும் நிற்கிறது. கட்டியது ஒரு பள்ளிக்கூடம். வின்செஸ்டர் காலேஜ் என்ற அந்தப் பள்ளிக்கு இந்த ஊரில் நிலம் இருந்தது. அதில் விளைந்த கோதுமையையும் பார்லியையும் சேர்த்துவைக்க எழுப்பியது இது. பையன்களின் படிப்புச் செலவுக்கு வருமானம் இப்படி வயல்களிலிருந்துதான் வந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் பலகை அடித்த சுவர், ஓட்டுக்கூரை, அவ்வளவுதான். உள்ளே போனதும் கழுத்து தானாக மேலே போகும். 192 அடி நீளம், சுமார் 37 அடி அகலம். நடுவில் ஒரு பெரிய கூடம், இரண்டு பக்கமும் தாழ்வான சிறகுகள், இடையே ஓக் மரத் தூண்கள் வரிசையாக. 'மிடில்செக்ஸின் கதீட்ரல்' (மிடில்செக்ஸ் என்பது இந்த ஊர் இருந்த பழைய மாவட்டம்) என்று கவிஞர் ஜான் பெட்ஜமன் இதைச் சொன்னதில் மிகை எதுவும் இல்லை.

நான் தச்சர் வீட்டில் வளர்ந்தவன். அதனால் நான் அதிக நேரம் நின்றது தூண்களின் உச்சியில் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான். தூண் மேலே போகப் போக அகலமாகிறது. அந்தக் காலத்து ஆங்கிலத் தச்சர்கள் மரத்தின் அடிப்பக்கம் மேலே வரும்படி தலைகீழாக நிறுத்துவது வழக்கம். காரணம் எளிது: தூண், நீளவாக்கில் ஓடும் உத்தரம், குறுக்கு விட்டம் மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. மூன்றுக்கும் கழுந்தும் (துளைக்குள் நுழையும் மர முனை) துளையும் வெட்ட வேண்டுமானால் அங்கே சதை வேண்டும். பூட்டுவது மர ஆணியால். கழுந்தில் உள்ள துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு ஆணியை அடித்தால், அது மூட்டை உள்ளே இழுத்து இறுக்கிக்கொள்ளும். வெட்டிய ஈரம் காயாமலே ஓக்கை வேலைக்கு எடுப்பார்கள். காயக் காய மூட்டு இன்னும் கவ்விக்கொள்ளும். தூண்களின் அடியில் கல் பாளம் வைத்திருக்கிறார்கள், தரை ஈரம் மரத்தில் ஏறாமல் இருக்க. நம் ஊர்த் திண்ணைத் தூணுக்குக் கல் வைப்பதும் இதற்குத்தானே!

பக்கவாட்டில் மூன்று பெரிய கதவுகள். வண்டி அப்படியே உள்ளே வரலாம். கதவுக்கு நேரே கதிரடிக்கும் இடம்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், உள்ளே எதையும் செருகவில்லை என்பது. பழைய களஞ்சியங்கள் வீடாகவும் அலுவலகமாகவும் பள்ளி முகப்பாகவும் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இடியாமல் பிழைக்கின்றன, அது நல்லதுதான். ஆனால் நடுவில் ஒரு தளத்தைப் போட்டதும் கட்டடத்தின் உயரமே போய்விடுகிறது. விட்டம் தலையில் இடிக்கும், தூணைச் சுவர் விழுங்கிவிடும். இப்படி மாற்றுபவர்கள் குறைந்தது வண்டி நுழைந்த கதவு வழியையாவது கூரைவரை திறந்துவிட வேண்டும். இங்கே ஒரு மூலையில் நின்றால் மறுமூலைவரை தடையில்லாமல் தெரிகிறது.

இதுவும் தப்பிப் பிழைத்ததுதான். தனியார் கையில் இருந்தபோது கவனிப்பாரில்லாமல் கிடந்தது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு 20,000 பவுண்டுக்கு வாங்கிவிட்ட செய்தி 2012-இல் வந்தது. அப்புறம் நன்றாகப் பழுதுபார்த்திருக்கிறார்கள். மரத்தில் பெரும்பகுதி பழையதே. ஹீத்ரோவுக்கு மூன்றாவது ஓடுபாதை வந்தால் ஊரின் பெரும்பகுதி போய்விடும் என்ற பயம் மட்டும் தீரவில்லை. ஊரே இல்லாமல் களஞ்சியம் மட்டும் நின்று என்ன பயன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குறை என்றால், திறக்கும் நாட்கள் மிகக் குறைவு: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, மாதத்தில் இரண்டே ஞாயிறு. இவ்வளவு அருமையான கட்டடத்துக்கு இது போதாது. கட்டணம் இல்லை. உள்ளூர்த் தன்னார்வலர்கள் இருப்பார்கள்; தயங்காமல் கேளுங்கள், பொறுமையாகச் சொல்வார்கள். கிளம்புமுன் தேதியைச் சரிபார்த்துவிடுங்கள். கூரைப் பக்கம் இருட்டு, அதனால் நல்ல டார்ச் ஒன்று அவசியம். வெயில் நாளிலும் உள்ளே குளிரும், ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.