நான் தோற்ற பந்தயம்: ஈஎஃப்வியா, ஏசிவியா?

2009-ஆம் ஆண்டு. ராணுவப் பட்டறை ஒன்றில் பிஎம்பி-2 என்ற, நீரிலும் நீந்தும் கவச வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்தேன். ஒரு சாயங்காலம் யாரோ ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்து மேசையில் போட்டார்கள். நடுப்பக்கத்தில், கடலிலிருந்து கரையேறித் தாக்கும் அமெரிக்க மரைன் படைக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஈஎஃப்வி என்ற வண்டியின் படம். முப்பது டன்னைத் தாண்டிய கவச வண்டி ஒன்று மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஸ்பீட் போட் மாதிரி கடலைக் கிழித்துப் போகிறது. எங்கள் பிஎம்பி ஏரியில் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் எருமை போல நீந்தும். இதுவோ மணிக்கு 46. "வண்டின்னா இதுதான்" என்றேன்.

எங்கள் உஸ்தாத் (எங்களுக்குத் தொழில் சொல்லித்தந்த மூத்தவர்) கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இத்தனை மடக்குப் பலகை, இத்தனை ஹைட்ராலிக் குழாய். உப்புத் தண்ணியிலிருந்து ஏறி வந்தபிறகு இதையெல்லாம் யார் கழற்றித் துடைக்கிறது? நீயா?"

பந்தயம் கட்டினோம். இந்த வண்டி படைக்கு வரும் என்று நான், வராது என்று அவர். தோற்றவர் தன் கேன்டீன் ஒதுக்கீட்டிலிருந்து ஒரு பாட்டில் ரம் தரவேண்டும். 2011 ஜனவரி 6 அன்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் ஈஎஃப்வி திட்டத்தையே மூடப்போவதாக அறிவித்தார். பாட்டில் கைமாறியது.

அன்று எனக்கு வந்தது கோபம்தான். இன்று கேட்டால் உஸ்தாத் பக்கம்தான் நிற்பேன். அதாவது, ஈஎஃப்விக்குப் பிறகு மரைன்கள் வாங்கிய, மெதுவாக நீந்துகிற எட்டுச் சக்கர ஏசிவியின் பக்கம். ஏன் கட்சி மாறினேன் என்று சொல்லத்தான் இது.

முதலில் மரைன்களின் பழைய நீந்தும் வண்டி. ஏஏவி-7 படைக்கு வந்தது 1972 வாக்கில். அலுமினிய உடல், இரண்டு பக்கமும் சக்கரங்களைச் சுற்றி ஓடும் டிராக் பட்டை, பின்னால் இரண்டு வாட்டர் ஜெட், தண்ணீரில் மணிக்கு 13 கிலோமீட்டர். 21 வீரர்களை ஏற்றிக்கொள்ளும். அதை ஓய்வு பெற வைக்கத்தான் ஈஎஃப்வியைத் தொடங்கினார்கள். ஈஎஃப்வியில் 17 வீரர்கள், 30 மி.மீ. பீரங்கி. ஏசிவியில் 13 வீரர்கள், தண்ணீரில் சுமார் 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். தாத்தாவை விடவும் பேரன் கொஞ்சம் மெதுவு! கவசம், ரோட்டு வேகம், துப்பாக்கி இதையெல்லாம் இங்கே இழுக்கவேண்டாம்.

வேகத்துக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்ப்போம். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு மிதந்து போகும் வண்டிக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் எவ்வளவு மிதித்தாலும் முன்னால் அலைதான் பெரிதாகும். அதை மீறவேண்டுமென்றால் வண்டி தண்ணீரின் மேலே எழும்பி வழுக்கிப் போகவேண்டும். ஈஎஃப்வி அப்படிப் போனது. கரையில் 850 குதிரைத்திறன் போதும் என்றிருந்த அதே எஞ்சினிடம், தண்ணீரில் சுமார் 2,700 குதிரைத்திறன் வாங்கினார்கள். முன்னால் ஒரு பெரிய பலகை விரியும், பின்னால் ஒன்று இறங்கும், சஸ்பென்ஷன் மேலே இழுத்துக்கொள்ளும், டிராக்குகளைப் பலகைகள் மூடும். கரை ஏறியதும் அத்தனையும் திரும்ப மடங்கவேண்டும். படம் பார்க்கிறவனுக்கு இது சர்க்கஸ். பட்டறைக்காரனுக்கு, ஒவ்வொரு கீலும் ஒவ்வொரு சீலும் ஒரு வேலை அட்டை.

ஒன்று சொல்லியாகவேண்டும். ஈஎஃப்வி கேட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. ஏவுகணைக்குப் பயந்து கப்பல் கரையிலிருந்து 25 கடல் மைல் தள்ளி, அடிவானத்துக்கு அப்பால் நிற்கும். அங்கிருந்து வீரர்களை ஒரு மணி நேரத்தில் கரை சேர்க்கவேண்டும் என்பது கணக்கு. ஏசிவி அதே தூரத்தை நீந்த நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூடிய பெட்டிக்குள் நான்கு மணி நேரம் ஆடி, வாந்தியெடுத்து இறங்குகிறவன் எப்படிச் சண்டை போடுவான்? நியாயமான கேள்விதான்.

ஆனால் அந்த 25 மைலே காலாவதியாகிவிட்டது. 2006 ஜூலையில் லெபனான் கடற்கரையருகே இஸ்ரேலின் ஹனித் கப்பலை ஹிஸ்புல்லா ஏவுகணை தாக்கியது. 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் மாஸ்க்வா போர்க்கப்பல் ஏவுகணை பட்டு மூழ்கியபோது கரை நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. ஏவுகணை இவ்வளவு தூரம் எட்டும்போது 25 மைலில் நிற்கும் கப்பலும் 5 மைலில் நிற்கும் கப்பலும் ஏறக்குறைய ஒன்றுதான். எப்படியும் வழியை முதலில் துப்புரவாக்கியாகவேண்டும். இல்லையென்றால் எல்சிஏசி மாதிரி, காற்று மெத்தைமேல் மிதந்து போகும் ஹோவர்கிராஃப்டில் வண்டியை ஏற்றி அனுப்பவேண்டும். அப்புறம் வண்டியே பறந்து போக என்ன அவசியம்?

சரி, என்னை முழுசாக மாற்றியது இந்த வாதமும் இல்லை. ஓர் எண்.

2006-ல் ஈஎஃப்வியைப் பயன்பாட்டுச் சோதனைக்கு விட்டார்கள். சராசரியாக நாலரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டி படுத்தது. சும்மா விளக்கு எரியாத கோளாறு இல்லை, கொடுத்த வேலையை நிறுத்திப்போடுகிற கோளாறு. முதலில் கேட்டிருந்தது 70 மணி நேரம். அது நடக்காது என்று தெரிந்து 43.5 ஆகக் குறைத்தார்கள். நாலரை எங்கே, நாற்பத்து மூன்றரை எங்கே?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பலிலிருந்து கரைக்கு ஒரு மணி நேரம். கரை ஏறி ஊருக்குள் போக இரண்டு மணி நேரம். அங்கே வண்டியை நிறுத்தி நிறுத்தி இன்னும் இரண்டு. அதற்குள் ஒரு பிரேக்டவுன் வந்துவிடும். பத்து வண்டி கிளம்பினால் சாயங்காலம் எத்தனை நிற்கும்? மரைன் படை முதலில் ஆயிரத்துக்கு மேல் கேட்டு, விலை ஏற ஏற 573-க்கு இறங்கி வந்தது. ஒரு வண்டி 2 கோடி டாலரைத் தாண்டியது. குறைவான வண்டி, அடிக்கடி படுக்கிற வண்டி என்றால் தேவையான நாளில் கையில் இருப்பது எவ்வளவு? கேட்ஸ் சொன்ன காரணமும் சுற்றிவளைத்து இதுதான். ஏற்கெனவே 300 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது, இன்னும் 1,200 கோடி வேண்டும், மற்ற வண்டிகளுக்கு மிச்சமே இருக்காது.

பிறகு அதைச் சீர்செய்து நல்ல எண்களுக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள் என்பது உண்மை. இன்னும் ஐந்து வருடம் கொடுத்திருந்தால் தேறியிருக்கலாம். இருந்தாலும் அடிப்பகுதி பிரச்சினை தீர்ந்திருக்காது. தண்ணீரின் மேல் வழுக்கிப் போக அடி தட்டையாக இருக்கவேண்டும். கண்ணிவெடியைத் தாங்க அது வி வடிவில் சரியவேண்டும். 2005 ஆகஸ்டில் ஈராக்கின் ஹதீதா அருகே சாலையோரக் குண்டில் சிக்கிய ஒரே ஏஏவியில் 14 மரைன்கள் செத்துப்போனார்கள். அதுவும் தட்டை அடிதான். ஏசிவிக்கு வி வடிவ அடி, வெடியதிர்ச்சி முதுகில் ஏறாதபடி தொங்கும் இருக்கைகள். மெதுவாகப் போவதால்தான் அப்படி வைக்க முடிந்தது.

பராமரிப்பை நான் ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறேன் என்று தோன்றலாம். ஒரு தடவை நீச்சல் பயிற்சிக்கு முந்தின நாள், எஞ்சின் மூடி ஒன்றுக்குப் புது ரப்பர் சீல் போடாமல் பழையதையே திரும்ப மாட்டினேன். இன்னும் ஒரு தடவை தாங்கும் என்று நினைத்தேன். முன்பலகை தூக்கியாயிற்று, உள்ளே சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் பில்ஜ் பம்ப் ஓட்டிப் பார்த்தாயிற்று, அடித் திருகுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தன. வண்டி ஏரிக்குள் போய்ப் பாதி தூரத்தில் பம்ப் வெளியேற்றும் தண்ணீர் நிற்கவே இல்லை. டிரைவர் நிதானமான ஆள், திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2020 ஜூலை 30 அன்று கலிபோர்னியாவின் சான் கிளெமென்ட்டி தீவருகே கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஏஏவி ஒன்று மூழ்கியது. உள்ளே 16 பேர். ஒன்பது பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கையில் வந்தவற்றைப் படித்தபோது அந்த ஏரிதான் ஞாபகத்துக்கு வந்தது. முகப்பு விளக்கைச் சுற்றி இருக்கவேண்டிய கேஸ்கெட் இல்லை. மூடிகளின் சீல் வழியே கசிவு. கியர்பாக்ஸ் எண்ணெய் ஒழுகி, கியர் போய், பம்ப்களும் தளர்ந்தன. உள்ளே அவசர விளக்கு எரியவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தொட்டதுமே ஆட்களை வெளியேற்றியிருக்கவேண்டும்; அது நடக்கவில்லை. கடைசியில் 385 அடி ஆழத்திலிருந்து எடுத்தார்கள். கவசம் போதவில்லை, வேகம் போதவில்லை என்று அந்த அறிக்கையில் ஒரு வரி கிடையாது. சில ரூபாய் பெறுமான ரப்பர் வளையங்களும், ஆற அமரப் பார்க்க ஆளில்லாத வண்டிகளும், போதாத பயிற்சியும்தான். 2021 டிசம்பரில் ஏஏவியை இனி வழக்கமாகத் தண்ணீரில் இறக்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

சின்ன ஏஏவிக்கே இந்தக் கதி என்றால், அதைவிடப் பல மடங்கு சீலும் கீலும் உள்ள ஈஎஃப்வி நாற்பது வருடம் உப்புத் தண்ணீரில் வாழ்ந்திருந்தால்? யோசிக்கவே பிடிக்கவில்லை.

இனி ஏசிவி. இத்தாலியின் இவெகோ வடிவமைத்த சூப்பர் ஏவியை அடிப்படையாக வைத்து பிஏஇ சிஸ்டம்ஸ் செய்தது. 2018 ஜூனில் தேர்வானது. எதிர்த்து நின்றது சிங்கப்பூரின் டெரெக்ஸ் 2. ஏசிவியில் 690 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், எட்டுச் சக்கரம், பின்னால் இரண்டு புரொபெல்லர். நீரில் இறங்க முன்பலகையைத் தூக்கினால் போதும். வண்டி உருமாற வேண்டியதில்லை. லாரி எஞ்சின் குடும்பம் என்பதால் மெக்கானிக்கின் கைக்குப் பழகின வேலை. டிராக் என்றால் பின் தேயும், பட்டை தொங்கும், ஒன்று அறுந்தால் வண்டி அங்கேயே உட்காரும். டயர் ஒன்று போனாலும் மிச்சத்தில் நொண்டிக்கொண்டாவது வந்து சேரும். இதைப் பட்டறையில் கைநகம் போக டிராக் மாட்டியவனிடம் வாதாட யாரும் வரவேண்டாம்.

ஆனால் டிராக்கைக் குறை சொல்லிவிட்டு ஓடிவிட முடியாது. இரண்டாம் உலகப்போரில், 1943 நவம்பர் 20 அன்று பசிபிக்கின் டராவா தீவில் மரைன்கள் இறங்கியபோது நீர்மட்டம் குறைந்து படகுகள் பவளப்பாறையில் தட்டி நின்றுவிட, வீரர்கள் குண்டுமழையில் நடந்தே கரைக்குப் போனார்கள். பாறைமேல் ஊர்ந்து கரை தொட்டவை டிராக் பூட்டிய எல்விடி என்ற நீந்தும் வண்டிகள்தான். பவளப்பாறையிலும் களிமண் சேற்றிலும் சக்கரம் எப்படிப் பிடிக்கும் என்பதில் எனக்கு இன்னும் உறுத்தல் இருக்கிறது. என் அனுபவம் ஏரித் தண்ணீர். அலை அடிக்கும் கரையில் ஒரு வண்டியையும் இறக்கிப் பார்த்ததில்லை. அலையைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அலையில்தான் ஏசிவியும் அடி வாங்கியது. 2021-ல் இழுவைக் கயிறு சம்பந்தப்பட்ட கோளாறால் சில மாதம் தண்ணீருக்கே போகவில்லை. 2022 ஜூலையில் கலிபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டன் படைமுகாம் கரையில் ஒன்று அலையில் பக்கவாட்டில் சாய்ந்தது, அக்டோபரில் இன்னொன்று. ஆள் சேதம் இல்லை. 2023 டிசம்பரில் தரையிலேயே ஒன்று கவிழ்ந்து ஒரு மரைன் இறந்தார். இதை மறைத்துவிட்டு வண்டியைப் புகழ்ந்தால் நான் தரகன். ஓட்டுநர் பயிற்சியைத் திருத்தி, படிப்படியாக அலைக்குள் திரும்ப அனுப்பினார்கள். 2024-ல் முதல்முறையாக வெளிநாட்டுப் பணிக்கும் போயிற்று.

வேகமே வேண்டும் என்கிறவர்கள் சீனாவின் ஸெட்பிடி-05 என்ற நீந்தும் கவச வண்டியைக் காட்டுவார்கள். ஈஎஃப்வி மாதிரியே நீரில் எழும்பி ஓடும். ஆனால் எடை குறைவு, கவசம் மெல்லியது, ஏற்றும் ஆட்களும் கொஞ்சம். தைவான் ஜலசந்தியை மனதில் வைத்துச் செய்ததற்கு அது பொருத்தமாக இருக்கலாம். அது எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை படுக்கிறது என்ற எண் வெளியே வருகிற நாள், அதையும் இந்தத் தராசில் வைக்கிறேன்.

ஏசிவி தேர்வான செய்தி வந்த வாரம் உஸ்தாதுக்குப் போன் போட்டேன். ஓய்வுபெற்று ஊரில் டிராக்டர் பார்க்கிறார். ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஹெட்லைட் சீலை வெளியிலிருந்தே மாற்ற முடியுமா, இல்லை பாதி வண்டியைக் கழற்றணுமா?" என்று கேட்டார்.