ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்: எனக்குப் போனது 11,800 ரூபாய்

எனக்கு ஸ்கோப் (துப்பாக்கிமேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) விற்ற கடைக்காரர் இன்று மதியம் பேசிக்கொண்டிருக்கும்போதே போனைக் கட் செய்துவிட்டார். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் ஏமாறக் கூடாது.

உச்சிப்புளி பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் பெஞ்சு போட்டு, அட்டை கட்டிச் சுட்டுப் பழகுகிறேன். வைத்திருப்பது ஸ்பிரிங் ஏர் ரைஃபிள். குழல் 0.177 அங்குல அளவு, குண்டு பாயும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது, அதனால் லைசென்ஸ் வேண்டாம். இதற்கு ஸ்கோப் வாங்கத்தான் மதுரையில் ஒரு ஏர் கன் கடைக்குப் போனேன்.

அண்ணே அண்ணே என்று உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஸ்கோப்பை எடுத்து உள்ளங்கையில் ஓங்கித் தட்டிக் காட்டினார். "பெரிய ரைஃபிள் உதையவே தாங்கும்ணே, உங்க ஏர் கன் எம்மாத்திரம்?" என்றார். அப்புறம் சுடும்போது துப்பாக்கியைப் பிடித்து வைக்கும் ஒரு இரும்பு ஸ்டாண்டையும் காட்டி, "வாரைப் போட்டு இறுக்கி, தட்டுல மணல் மூட்டைய ஏத்துங்க, இம்மி அசையாது" என்றார். ஒரு வருட வாரண்டி என்று பில்லில் அவரே கைப்பட எழுதினார். அந்த எழுத்தை நம்பித்தான் ஸ்கோப்புக்கு 7,300, ஸ்டாண்டுக்கு 4,500, ஆக 11,800 ரூபாயை எண்ணி வைத்தேன்.

ஒரு டப்பா பெல்லட் (ஏர் கன் குண்டு) கூடத் தீரவில்லை. ஸ்கோப்பில் குறிபார்க்கும் குறுக்குக் கோடு சாய்ந்துவிட்டது. ஸ்கோப்பைக் காதருகே ஆட்டினால் உள்ளே எதுவோ கலகலக்கிறது. சாய்த்துப் பார்த்தால் மெல்லிய வளையம் ஒன்று கண்ணாடிமேல் இப்படியும் அப்படியும் நகர்கிறது.

ஸ்பிரிங் துப்பாக்கியின் உதை இரண்டு பக்கமும் வரும். ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் போகும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் வெட்டி இழுக்கும். வெடிமருந்து ரைஃபிளுக்கென்று செய்த பல ஸ்கோப்புகள் பின்னுதையை மட்டும் மனதில் வைத்துச் செய்தவை. முன்னால் வரும் அந்த வெட்டில்தான் உள்ளே இருப்பது கழன்றுவிடும். இது தெரியாமலா ஏர் கன் கடை நடத்துகிறார்?

கடையில் கேட்டால், முதலில் "கம்பெனிக்கு அனுப்பணும்" என்றார்கள். பிறகு ஆள் லீவு. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் நீலக் கோடு விழும், பதில் வராது. ஒருநாள் "உங்க ஊரு உப்புக்காத்துல எதுண்ணே நிக்கும்?" என்றார். துருவும் இல்லை, கண்ணாடியில் ஆவியும் இல்லை, உப்புக்காற்று எங்கே வந்தது? இன்று சொன்னதுதான் உச்சம்: "ஸ்டாண்டுல இறுக்கிக் கட்டிச் சுட்டா வாரண்டி கிடையாது." அந்த ஸ்டாண்டை 4,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டியதே அவர்தான்! 11,800 ரூபாய், சும்மா வந்த காசா?

பெஞ்சில் எப்படிச் சுடுவது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். ஸ்பிரிங் துப்பாக்கியின் இரட்டை உதையைத் தாங்கும் என்று ஸ்கோப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்க வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. துப்பாக்கியைக் கட்டிப்போடாதீர்கள். மணல் மூட்டைமேல் உள்ளங்கை, அதன்மேல் துப்பாக்கி, பிடி தளர்வாக. மவுண்ட் (ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் கிளிப்) பின்னால் நழுவாதபடி தடுப்பு ஊசி உள்ளதாக வாங்குங்கள். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடவே கூடாது, பிஸ்டன் மோதுவது இன்னும் கடுமையாகும். வாரண்டி எதற்கெல்லாம் கிடையாது என்பதையும் எழுதி வாங்குங்கள்.

பில் பத்திரமாக இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லப் போகிறேன். அதற்கும் மசியாவிட்டால் ராமநாதபுரம் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. 11,800 ரூபாயும் வரவேண்டும்.