பழைய கம்ப்யூட்டர், பழைய லேசர் பிரிண்டர்: பாலக்கோட்டிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவம்

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் விண்டோஸ் 7 காலத்தில் அசெம்பிள் செய்தது. கூடவே வாங்கிய சிறிய கருப்பு வெள்ளை லேசர் பிரிண்டரும் இன்றுவரை ஓடுகிறது. பிள்ளைகளின் புராஜெக்ட், வங்கிக்குக் கொடுக்கும் படிவம், தக்காளி போடுகிற பக்கத்துத் தோட்டத்து அண்ணன் "தம்பி, சிட்டா ஒண்ணு எடுத்துக் கொடுப்பா" என்று கேட்டு வருவது, எல்லாம் இதில்தான். இத்தனை வருடத்தில் மெஷினில் வந்த கோளாறு பேப்பர் இழுக்கும் ரோலர் தேய்ந்தது ஒன்றுதான். மற்ற தொல்லை அத்தனையும் கம்ப்யூட்டர் பக்கம், முக்கியமாக டிரைவரில் (பிரிண்டரோடு பேசக் கம்ப்யூட்டரில் நிறுவும் மென்பொருள்) வந்தவை. பழைய பிரிண்டரை எடைக்குப் போட நினைப்பவர்கள் அதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

பெரிய சிக்கல் விண்டோஸ் 10க்கு மாறியபோது வந்தது. ரேமை 4 ஜிபிக்கு மேல் ஏற்றினோம். அதை முழுதாகப் பயன்படுத்த 64 பிட் விண்டோஸ் வேண்டும் என்பதால் கடையில் அதையே போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால் பிரிண்டர் பேசவே இல்லை. பெட்டியோடு வந்த சிடியில் இருந்தது 32 பிட் டிரைவர். 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது. கடையில் கேட்டதற்கு, "பிரிண்டர் போயிடுச்சுங்க, புதுசு வாங்கிக்குங்க" என்றார்கள். போகவில்லை. பல லேசர் பிரிண்டர்களில் மேலே உள்ள பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், கம்ப்யூட்டர் இல்லாமலே ஒரு சோதனைப் பக்கம் வரும். எங்களுடையதில் எழுத்து பளிச்சென்று வந்தது. அப்படி வந்துவிட்டால் டிரம், டோனர், ஹீட்டர் எல்லாம் சரி. தேட வேண்டியது டிரைவரைத்தான். தயாரிப்பாளரின் தளத்தில் 64 பிட் டிரைவர் இருந்தது. இறக்கி நிறுவியதும் ஓடியது. அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் தனியாக எடுத்து வைத்தேன். பழைய மாடல்களின் பக்கங்கள் ஒருநாள் சொல்லாமல் காணாமல் போகும். நீங்களும் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.

விலை குறைந்த பிரிண்டர்களுக்கு இந்தக் கதி வருவதற்குக் காரணம் இருக்கிறது. பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று பிரிண்டர்கள் புரிந்துகொள்ளும் மொழிகள் உண்டு. அவை தெரிந்த பிரிண்டருக்குப் பொதுவான டிரைவர் ஒன்றே போதும், எந்த விண்டோஸிலும் ஏதோ ஒரு வகையில் ஓட்டிவிடலாம். மலிவு மாடல்கள் பலவற்றில் அந்த மொழி இல்லை. பக்கத்தைப் புள்ளி புள்ளியாக வரைவது கம்ப்யூட்டரின் வேலை, வந்ததைத் தாளில் பதிப்பது மட்டும் பிரிண்டரின் வேலை. அதற்கே உரிய டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்பதற்கு முன்னால் பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் இனி ஒன்று வாங்கினால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

அடுத்தது எங்கள் ஊரில் அடிக்கடி வருவது. பிரிண்ட் ஓடும்போது கரண்ட் போகும். திரும்பி வந்ததும் எதைக் கொடுத்தாலும் வராது. வரிசையில் நிற்கும் பழைய வேலையை அழித்தால் "டிலீட்டிங்" என்று காட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். டிரைவர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பலரும் மறுபடி நிறுவுகிறார்கள், தேவையே இல்லை. விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து, அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போனால் ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கோப்புகள் கிடக்கும். ஒன்று அச்சாக வேண்டிய பக்கம், இன்னொன்று அந்த வேலையின் விவரம். உள்ளே இருப்பவற்றை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை விட்டுவிடுங்கள். ஸ்பூலரை மறுபடி ஓடவிட்டால் வரிசை காலியாகியிருக்கும். கரண்ட் போகிறதே என்று லேசர் பிரிண்டரைச் சின்ன யூபிஎஸ்ஸில் மாட்டவும் வேண்டாம். ஹீட்டர் சூடாகும்போது இழுக்கும் கரண்டை அது தாங்காது.

உண்மையிலேயே டிரைவரை மாற்ற வேண்டி வந்தால், பிரிண்டர் ஐகானை அழிப்பது போதாது. பழைய டிரைவர் உள்ளேயே தங்கி, அடுத்த முறை கேபிள் செருகியதும் அதுவே வந்து உட்கார்ந்துகொள்ளும். டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸில் பிரிண்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸ் திறந்து, டிரைவர்ஸ் பக்கத்தில் பேக்கேஜோடு (டிரைவரின் நிறுவல் கோப்புகள்) சேர்த்து நீக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், ஸ்பூலரை நிறுத்தி ஓடவிட்டு உடனே நீக்கிப் பாருங்கள். யூஎஸ்பி கேபிளை எப்போதும் ஒரே துளையில் செருகுங்கள். துளை மாறினால் "காப்பி 1" என்று இன்னொரு பிரிண்டர் முளைக்கும், நீங்கள் கொடுக்கும் வேலை பழையதற்குப் போய் ஆஃப்லைனில் தூங்கும்.

தமிழ் பிடிஎஃப் வேறு விதமாகப் படுத்தும். திரையில் சரியாக இருக்கும் சிட்டா, தாளில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று விழும், அல்லது கட்டம் கட்டமாக வரும். நம் தர்மபுரி மாவட்டத்தில் தொப்பூர், மொரப்பூர், பொம்மிடி, பென்னாகரம் என்று கொம்பு இல்லாத ஊரைத் தேட வேண்டும். ஊர்ப் பெயர் உடைந்த தாளை எந்த அலுவலகத்தில் நீட்டுவது? அடோபி ரீடரில் பிரிண்ட் கொடுக்கும்போது அட்வான்ஸ்டு என்பதை அழுத்தி, "பிரிண்ட் ஆஸ் இமேஜ்" என்பதில் டிக் செய்தால் பக்கம் படமாகப் போகும். கொஞ்சம் மெதுவாக வரும், ஆனால் எழுத்து உடையாது.

பிரிண்டரை வீட்டில் இன்னொரு லேப்டாப்புக்கும் பகிர்ந்து வைத்திருப்பவர்களுக்கு 2021 ஞாபகம் இருக்கும். ஸ்பூலரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளியாகி, அதை அடைக்க வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு அட்மின் பாஸ்வேர்ட் கேட்பதும், 0x0000011b என்ற பிழை வருவதும் தொடங்கியது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாதுகாப்பைத் தளர்த்தும் வழியைப் பலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. லேப்டாப்பிலும் டிரைவரை நேரடியாக நிறுவி, பகிர்வுப் பெயரைக் கொடுத்து லோக்கல் போர்ட்டாகச் சேர்த்தேன். பிரச்சினை தீர்ந்தது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. எங்கள் பெட்டி விண்டோஸ் 11ஐ ஏற்காது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமலே ஓட்டிப் பார்த்தேன். அதிலுள்ள கப்ஸ் அச்சு அமைப்பு எங்கள் பிரிண்டரைக் கண்டுகொண்டது, தமிழும் உடையாமல் வந்தது. மலிவு லேசர்கள் பலவற்றுக்கு ஆர்வலர்கள் எழுதிய டிரைவர்கள் லினக்ஸில் இருக்கின்றன, ஆனால் எல்லா மாடலுக்கும் இல்லை. ஸ்கேனரோடு சேர்ந்த ஆல்-இன்-ஒன் வைத்திருப்பவர்கள் பென் டிரைவிலிருந்து ஓட்டும்போதே ஸ்கேனும் எடுத்துப் பாருங்கள். பிரிண்ட் வந்து ஸ்கேன் வராத மாடல்கள் உண்டு.