மிசரி ரிட்ஜ்: முதலில் ஏற்றமா, ஆற்றங்கரையா?

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தின் உயர்பாலை நிலத்தில், ஸ்மித் ராக் பூங்காவின் மிசரி ரிட்ஜ் சுற்றுப்பாதை ஏறக்குறைய 6 கிலோமீட்டர். ஏற்றம் சுமார் 300 மீட்டர். பாலத்தைக் கடந்ததும் முடிவெடுத்தாக வேண்டும்: நேரே மேலே ஏறுவதா, இடப்பக்கம் ஆற்றோரம் போவதா?

நேரே ஏறினால் கடினமான பகுதி முதலிலேயே முடிந்துவிடும். மூச்சு வாங்கும்தான், ஆனால் கால்கள் களைத்திருக்காது, காலை வெயிலும் கடுமையாகியிருக்காது. உச்சியைத் தாண்டியதும், 100 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மங்கி ஃபேஸ் பாறைத்தூண் கண்ணெதிரே வரும். அதைப் பார்த்துக்கொண்டே அவசரமாக இறங்கிவிடாதீர்கள். எரிமலைச் சாம்பல் இறுகி உருவான பாறை அங்கே உதிர்ந்து பொடிக்கற்களாகக் கிடக்கிறது; குதிகாலை ஊன்றினால் சரளை கரகரவென்று நழுவும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஊன்றுகோல் இல்லாமல் இறங்கவே கூடாது.

ஆற்றோரம் தொடங்கினால் அந்தச் சரளையில் ஏறினால் போதும், இறங்க வேண்டியதில்லை. முழங்காலுக்கு அதுவே நல்லது. ஆனால் கோடையில் தாமதமாகக் கிளம்பினால், நிழலற்ற ஏற்றத்தில் உச்சி வெயில் பிடித்துக்கொள்ளும்.

என் தேர்வு முதல் வழிதான். களைத்து இறங்கும்போது ஜூனிப்பர் மரங்களின் மணத்தோடு குரூக்கெட் ஆறு, பாலம் வரை கூடவே வருகிறது.